ஏரம்புவுக்குக் கிடைத்த இடம்

உருத்திரபுரத்தில் ஏரம்புவுக்கு வயல் இருந்தது. வாய்க்காலின் கடைசிக் காணி என்பதால் தண்ணீர்தான் வந்து சேர்வதில்லை. போகத்துக்குப் போகம் பயிர் காய்ந்தது. கடைசியில் உழவு மாட்டுச் சோடியைக் கொடுத்து ஒரு பழைய வள்ளத்தை மாற்றிக்கொண்டு, மனைவி இராசமலரோடு நாயாற்றுக்கு வந்தார். மாட்டைக் கொடுத்து மரத்தை வாங்கியவன் என்று ஊர் சிரித்தது. சிரிப்புக்கு என்ன செலவு?

வள்ளம் இருந்தது, கட்ட இடமில்லை. கடலை ஒட்டிக் கிடக்கும் களப்பின் கரை பார்வைக்குத்தான் வெறுங்கரை. ஒவ்வொரு துண்டுக்கும் தகப்பன் வழியில் வந்த உரித்தாளி இருந்தான். ஏரம்பு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு படலை படலையாக ஏறி இறங்கினார். "இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பீர்" என்று ஒருவர் முகத்துக்கு நேரேயே சொன்னார். வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் செய்த இளையதம்பிச் சம்மாட்டி மட்டும் இரங்கினார்.

"தண்ணிக்குள்ளை தடி நட்டுக் கட்டியிருக்கிற என்ர வலைக்குப் பக்கத்திலை கட்டும். ஆனா கயிறு கட்டையா இருக்கோணும். வள்ளம் சுத்தி வந்து வலையிலை முட்டினா, அண்டைக்கே எடுத்துக்கொண்டு போயிடோணும்."

"ஓம் சம்மாட்டியார். முட்டாது."

மாடு கட்டிப் பழகிய கை. தண்ணீருக்குள் தறி அடித்து, ஒரு முழக் கயிற்றில் இறுக்கிக் கட்டினார். சில மாதம் குசினியில் மீன் குழம்பு கொதித்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் மழை விடாமல் ஊற்றியது. களப்பு ஏறத் தொடங்கியது.

"கயித்தைக் கொஞ்சம் இளக்கி விடுங்கோவன்" என்று இராசமலர் கெஞ்சினாள்.

"இளக்கினா இந்த இடமும் போயிடும். பிறகு ஆரின்ர படலையிலை போய் நிக்கிறது?"

தண்ணீர் ஏற ஏற வள்ளமும் ஏறப் பார்த்தது, கயிறு விடவில்லை. முன்பக்கம் அமிழ்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்து, தறியடியிலேயே தாழ்ந்தது. களப்பைக் கடலிலிருந்து மறித்து நின்ற முகத்துவாரத்து மணல்மேடு உடைந்தபோது வெள்ளம் வள்ளத்தையும் தறியையும் சேர்த்துக் கடலுக்கு அள்ளிப்போனது. இராசமலர் கரையில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.

மழை விட்டதும் சம்மாட்டி வந்தார்.

"கயித்தை நீட்டி விட்டிருக்கலாமே காணும். மழைக்கு முன்னமே நான் வலையைக் கழட்டிப்போட்டன். தடி மட்டும்தான் நிண்டது. மாரியிலை இஞ்சை ஆர் வலை கட்டுறது? எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியும்தான். வயலிலிருந்து வந்தவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏரம்பு கோபிக்கவில்லை. சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தெரியாமல் போச்சுது சம்மாட்டியார். குறை நினையாதேங்கோ" என்றார்.