இறங்காத கண்ணாடி

காரைப் பூட்டியதும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அதன் முகப்பை இரண்டு முறை தட்டிக்கொடுப்பார். சமர்த்தாக இரு, வந்துவிடுகிறேன் என்பதுபோல இருக்கும்.

“என்னை ஒரு நாளாவது இப்படித் தட்டிக்கொடுத்திருக்கீங்களா?” என்பாள் மனைவி.

அவளுக்காகத்தான் அந்தக் காரை மாற்ற வேண்டியிருந்தது. முழங்கால் வலியில் அவளால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. பழையதற்கு நல்ல விலை வந்தால்தான் கிளட்ச் இல்லாத கார் கட்டுப்படியாகும்.

“அங்க வந்து வாயத் தெறந்தீங்க, தெரியும் சேதி,” என்று எச்சரித்துத்தான் அவரைக் கூட்டிப்போனாள். வாங்க வந்தவரிடமே “இந்த ஃபிரேம் உங்க முகத்துக்கு எடுக்கலைங்க” என்று சொல்கிற மனுஷர் அவர்.

கார் ஷோரூமில் மதிப்புப் போடுகிறவர் சொன்னது அடிமாட்டு விலை. அப்போதும் கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“தம்பி, மறைக்கக் கூடாது. ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். இடது பக்கக் கண்ணாடி இறங்கவே இறங்காது.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மதிப்புப் போடுகிறவர் பொத்தானை அழுத்தினார். ஜன்னல் கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“இறங்குதே சார்!”

“உங்களப் பார்த்ததும் நடிக்குதுங்க.”

மதிப்புப் போடுகிறவர் சிரித்துவிட்டார். “எல்லாரும் எதையாவது ஒளிப்பாங்கன்னு விலையில கொஞ்சம் கழிச்சுத்தான் போடுவோம். இல்லாத குறையையும் சொல்றவர்கிட்ட எதுக்குக் கழிக்கணும்?”

விலை ஏறியது. புதுக் கார் வந்தது.

“பாத்தியா, வாயத் தெறந்தாத்தான் காரியம் ஆகுது,” என்று கடைக்காரர் பல நாள் பீற்றிக்கொண்டார். அவளும் தலையாட்டிவைத்தாள். ஷோரூமுக்குப் போவதற்கு முந்தின நாளே அந்தக் கண்ணாடியை அவள் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிபண்ணி வைத்திருந்தாள் என்பது, அந்த மெக்கானிக் பிறகு ஒருநாள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.