மேட்டில் ஏறி வரும் விமானம்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அப்போது மூன்றாம் தரம். காலை ஒன்பதுக்குக் கொழும்பில் கிளம்பும் விமானம் பகல் பன்னிரண்டுக்குக் குவைத்தில் இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. கழித்துப் பார்த்து, மூன்று மணி நேரம் என்று, தினமும் நடப்பதைக் குறித்துவைக்கும் என் நோட்டில் எழுதினேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் போகவே ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஆகவே, கொழும்புக்கு எங்கள் தோட்டத்தைவிடக் குவைத்துதான் கிட்ட என்று வகுப்பில் அறிவித்தேன். மறுக்க யாரிடமும் கணக்கு இல்லை.

இரண்டு வருடம் கழித்து லீவுக்கு வருவதற்கு முன், டிக்கெட்டில் இருந்த நேரத்தை அம்மா ஃபோனில் வாசித்தாள். காலை பத்துக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் கொழும்பு.

"போறப்ப மூணு, வர்றப்ப எட்டா? ஏம்ப்பா?"

அப்பா பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தோட்ட வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரம் நெருங்கியும் நின்று யோசித்தார்.

"நம்ம ஊரு மலையிலதானே இருக்கு. எறங்குறது லேசு புள்ள, ஏறத்தான் நேரமாகும். கொழும்பு ரயிலப் பாரு, நானுஓயா வர்றதுக்குள்ள என்னா இழு இழுக்குது!"

எனக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது. மேட்டில் முக்கிக்கொண்டு ஏறும் விமானம் ஒன்றை நோட்டில் வரைந்தும் வைத்தேன்.

அம்மா வந்தாள். நாற்பது நாள் லீவு. முதல் வாரம் தம்பி அவளிடம் போகவே இல்லை. மூன்றாம் வாரம் அவள் மடியைவிட்டு இறங்கவே இல்லை. முப்பதாம் நாளிலிருந்து, அம்மாவை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் ஃபோன் செய்யத் தொடங்கினார். இன்னும் இரண்டு வருடத்துக்குப் போகச் சம்மதமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். "நாளைக்குச் சொல்றேன் சேர்" என்று அம்மா நான்கு நாள் இழுத்தாள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா திரும்பப் போகட்டுமா தாயி? நீ என்னா சொல்ற?"

வீட்டுப் பெரியவர்கள் என்னிடம் யோசனை கேட்டது அதுவே முதல் தடவை. நோட்டை மடியில் விரித்து, கணக்கோடு பதில் சொன்னேன்.

"போயிட்டு வாம்மா. போறதுக்கு மூணு மணி நேரந்தானே! வர்றதுதான் கொஞ்சம் ஏத்தம்."

"இவளே டிக்கெட்டும் போட்டுக் குடுத்துருவா போல" என்று வாசலில் இருந்த அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. பின்னல் கோணலாக இருக்கிறது என்று சொல்லி அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள். அவ்வளவு மெதுவாக அவள் பின்னியதே இல்லை. விளையாடப் போகவேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். ரிப்பன் கட்டி முடித்து, பதினொரு மணிக்கு ஏஜென்சிக்காரருக்கு ஃபோன் செய்து சம்மதம் சொன்னாள்.

ஒன்பதாம் தரத்தில் புவியியல் ஆசிரியை நேர வித்தியாசம் சொல்லித் தந்தார். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். போகவும் ஐந்தரை மணி நேரம்தான், வரவும் ஐந்தரை மணி நேரம்தான். அன்று மாலையே பழைய நோட்டைத் தேடி எடுத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே, 'போகட்டுமா என்று அம்மா கேட்டாள், போகச் சொன்னேன்' என்றிருந்தது. அதில் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.