சுவரிலிருந்து ஐந்தடி

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு முன்னறையில் நின்று நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு. காது கொடுத்துக் கேட்பேன். இன்னொரு தட்டு. வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்திய பக்கத்து வீட்டுத் தம்பு அண்ணை உள்ளே எட்டிப் பார்த்தார். அறையின் மூன்று பக்கச் சுவரிலும் தென்னந்தும்பு அடைத்த சாக்குகள்.

"என்ன காணும், புகையிலை அடுக்கப் போறீரோ?"

"இல்லை அண்ணை, பாட்டுக் கேக்கப் போறன்."

மனிதர் சைக்கிளில் ஏறினார். பொழுதுபட முன்னர் இந்தக் கதை வேலணை முழுக்கப் போயிருக்கும்.

வாராவாரம் இந்தப் பத்தியில் என் புலம்பலைப் படிக்கிறவர்களுக்கு என் தட்டை ஸ்பீக்கர்கள் புதிதல்ல. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் எனக்குத் தந்துவிட்டுப் போன சோடி. ஆளுயரம், இரண்டு விரல் தடிப்பு. பெட்டி கிடையாது, கூம்பு கிடையாது... உள்ளே பெரிதாக, மெல்லிசாக ஒரு தாள் அதிரும், அவ்வளவுதான். பென்சன் எடுத்து ஊருக்கு வந்தபோது லொறியில் கூடவே வந்தன. மனைவிக்கு இன்றுவரை அவை 'அந்த ரெண்டு கதவு'.

பாட்டுக்காகவா இவ்வளவு பாடு? தம்பு அண்ணைக்குச் சொன்னது பொய். எல்லாம் வதனிக்காக.

வதனி எங்கள் ஒரே மகள். கலியாணம் முடித்து லண்டனுக்குப் போய் இரண்டு வருஷம். மூன்று மாதத்துக்கு முன் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கசெற் வந்தது. வீட்டிலிருந்த சின்னக் கசெற் றேடியோவில் போட்டோம். பிஸ்கட் ரின்னுக்குள் இருந்து யாரோ பேசுவது போல இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷமாகப் பிள்ளையின் முகம் பாராதவனுக்குக் குரலாவது முழுசாகக் கிடைக்க வேண்டாமா? முன்னறையில் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்து அவள் கதைப்பது போலக் கேட்க வேண்டும் – என் ஆசை அவ்வளவுதான்.

தட்டை ஸ்பீக்கரில் போட்டால் இன்னும் மோசம். ஒரு வதனிக்கு மூன்று வதனி கதைத்தார்கள். சீமெந்து நிலம், மொட்டைச் சுவர்... போதாக்குறைக்கு இந்த ஸ்பீக்கர் முன்னுக்குத் தருகிற சத்தத்தையே பின்னுக்கும் தரும். பின்னுக்குப் போனது சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன்னுக்கு வந்ததோடு கலந்து குழப்பும். எஞ்சினியர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார்: சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வைக்கவும். சுவரில் சத்தத்தை உறிஞ்சுகிற எதையாவது கட்டவும். எதிரொலி நின்றதா என்று கை தட்டிப் பார்க்கவும்.

ஐந்தடி தள்ளினால் கதவு இரண்டும் அறை நடுவுக்கு வந்துவிடும். வந்தன. சாப்பாட்டு மேசை குசினி அடுப்படிக்குப் போனது.

"இஞ்சேருங்கோ, இனி நாங்களும் சுவரிலையிருந்து அஞ்சடி தள்ளித்தான் படுக்க வேணுமோ?" என்றாள் மனைவி.

முதலில் பனையோலைப் பாய்களைத் தொங்கவிட்டேன். சாட்டிக் கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்ததும் அவை சரசரவென்று தாங்களே கச்சேரி தொடங்கின. சத்தத்தை அடக்கச் சத்தம் போடுகிற சாமானைக் கட்டிய மடையன் நானாகத்தான் இருப்பேன். பிறகுதான் தும்புச் சாக்கு. அதுவும் போதாமல் மனைவியின் பழஞ்சேலைகள் அடுக்கிய அலுமாரியையும் திறந்துவைத்தேன். இப்படியே மூன்று மாதம் போனது.

அந்த ஞாயிறு, தம்பு அண்ணை போனபின் மறுபடி தட்டினேன். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது.

"கெதியா வாரும், வந்து கேளும்" என்று மனைவியைக் கூப்பிட்டு இருத்திக் கசெற்றைப் போட்டேன்.

வதனி வந்தாள். தொண்டையைச் செருமியது கேட்டது. கைக்காப்பு மேசையில் பட்டது கேட்டது.

"அப்பா, நான் இஞ்சை நல்ல சுகம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. வெளியிலை பனி கொட்டுது, நல்ல வடிவு..."

எத்தனையோ தரம் கேட்ட பேச்சு. அந்த 'வடிவு'க்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும். றேடியோவில் அது வெறும் இரைச்சல். இப்போது அதற்குள் ஒரு மூச்சு இருந்தது. நடுங்கி, பாதியில் விழுங்கிய மூச்சு.

திருப்பிப் போட்டேன். சந்தேகமில்லை, பிள்ளை அழுகையை அடக்கியிருக்கிறாள். மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயம். ஸ்பீக்கரில் ஏதோ பழுது என்று சொல்லிச் சமாளிப்போமா என்றுகூட யோசித்தேன்.

"அழுதிருக்கிறாள்" என்றாள் அவள்.

"உமக்கும் கேட்டதோ?"

"எனக்கு முதல் நாளே கேட்டது. அந்தச் சின்ன றேடியோவிலை."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குக் கேக்கேல்லை எண்டு விளங்கினது. நீங்களாவது நிம்மதியா இருங்கோவன் எண்டு விட்டிட்டன்."

நான் தும்பு அடைத்துக்கொண்டிருந்த மூன்று மாதமும் இவள் அதைத் தனியே சுமந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, உடனே வதனியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. லண்டன் என்ன, பக்கத்திலிருக்கிற ஊர்காவற்றுறையா, பஸ் ஏறிப் போக?

சாக்குகளைக் கழற்ற ஏணியை எடுத்தேன். அந்த மூச்சை இன்னொரு தரம் கேட்க என்னால் ஏலாது.

"விடுங்கோ. புதுக் கசெற் ஒண்டு கிடக்கல்லோ, அதை எடுங்கோ" என்றாள். "இதுக்குள்ளை இருந்தே கதைச்சு அனுப்புவம்."

இதுவரை நாங்கள் பதிந்து அனுப்பியதெல்லாம் குசினிப் பக்கம் இருந்துதான். கோழிக் கத்தலுக்கு நடுவில் எந்தக் குரலும் சந்தோஷமாகத்தான் கேட்கும்.

றேடியோவின் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"பிள்ளை, நாங்கள் இஞ்சை நல்ல சுகம். நீ ஒண்டுக்கும் யோசியாதை..." என்றாள் மனைவி. பிறகு பேச்சு வரவில்லை. மூச்சுத்தான் வந்தது. கசெற் வீணாகிறதே என்று பழக்கதோஷத்தில் என் கை பொத்தானுக்குப் போனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிப்பாட்டாதேங்கோ. அவளுக்கும் கேக்கட்டும்."

திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாயிற்று. வதனி வீட்டில் தட்டை ஸ்பீக்கர் இல்லை, தும்புச் சாக்கும் இல்லை. தேவைப்படாது – அவள் தாயின் பிள்ளை.