வெள்ளி நாக்கு

என் கணவர் முருகனோடு பேசினார், என்னோடு பேசவில்லை. இப்படிச் சொன்னால் பாவம் என்பார்கள். இருக்கட்டும். எட்டு மாதம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

செக்காலை ரோட்டில் எங்களுக்கு ஒரு உரக்கடை. ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், குறுக்கே வந்த மாட்டுக்காகப் பைக்கை ஒடித்துத் திருப்பி, கீழே விழுந்து தலையில் அடிபட்டுக்கொண்டார். ஹெல்மெட் கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மதுரையில் இருபது நாள் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது. காலும் கையும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார். சொல் கிடைக்காது. முகம் சிவந்துபோய், கையில் அகப்பட்டதைத் தள்ளிவிடுவார்.

விழுவதற்கு முன்னால் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது, "ஏ, இங்குட்டு வா" என்று கூப்பிடுவார். சட்டைப் பித்தான் கழன்றாலும் கூப்பிடுவார், டிவியில் மழை வரும் என்று சொன்னாலும் கூப்பிடுவார். "எனக்கு வேற வேலை இல்லையாக்கும்?" என்று எரிந்து விழுவேன். அந்தக் குரலுக்காக அப்புறம் எப்படி ஏங்கினேன் என்பதை எழுத எனக்குக் கூச்சமில்லை. அடுப்படியில் நிற்கும்போது அவர் கூப்பிட்டதுபோலவே இருக்கும். ஈரக்கையோடு ஓடுவேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் உடம்பில் எந்த உறுப்புக்குச் சுகமில்லையோ, அதை வெள்ளித் தகட்டில் செய்து காணிக்கை போடுவதாக வேண்டிக்கொள்வோம். கண்ணும் காலும் கையும் கோயில் கடைகளில் தயாராகக் கிடைக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, குன்றக்குடி முருகனுக்கு நான் நாக்கு வேண்டிக்கொண்டேன். அவர் வாய்திறந்து பேசியதும் கொண்டுவந்து போடுகிறேன் என்று சொன்னேன். நாக்கு எந்தக் கடையிலும் இல்லை. காரைக்குடியில் ஒரு வெள்ளி ஆசாரியிடம் சொல்லிச் செய்யவேண்டியிருந்தது. அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை, "நாக்குதானேம்மா?" என்று கேட்டுக்கொண்டார்.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தை, அதாவது என் மாமியார், விளக்கேற்றி முருகன் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். இரண்டாவது வரி என் கணவரிடமிருந்து வந்தது. ஒரு சொல் பிசகாமல், பழைய குரலில். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது எங்கள் கூட்டத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவர்தான். முழுப்பாட்டையும் பாடி முடித்தார். அத்தை தரையில் விழுந்து கும்பிட்டார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் உட்கார்ந்து, "என்னங்க, என்கிட்ட ஏதாச்சும் சொல்லுங்க" என்றேன். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் கேட்டேன். தலையில் அடிபட்ட சிலருக்கு இப்படி நடக்கும் என்றாள். வருஷக்கணக்காகப் பாடிப் பழகிய பாட்டு தானாக வந்துவிடும், மனதில் நினைப்பதைச் சொந்தமாகச் சொல்வதுதான் கஷ்டம், பயிற்சியை விடாதீர்கள் என்றாள். வீட்டில் யார் கேட்டார்கள்? பாட்டே வந்துவிட்டது, இனி என்ன பயிற்சி என்று அத்தை அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாச்சியாபுரத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் பாட்டுக் கேட்க வந்தார்கள். அவர் பாடுவார், அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், நான் காபி போடுவேன். பாடி முடித்தவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் கைகாட்டத்தான் தெரியும். அதை யாரும் பார்க்கவில்லை. எனக்கு முருகன்மேல் பொறாமையாக இருந்தது. கட்டியவள் நான், குரல் அவனுக்கா?

அடுத்த மாதக் கார்த்திகைக்கு வேண்டுதலைச் செலுத்திவிடலாம் என்றார் அத்தை. நான் மாட்டேன் என்றேன். அவர் இன்னும் பேசவில்லை, செலுத்திவிட்டால் இதுவே போதும் என்று நாமே சாமியிடம் சொன்னதாகிவிடாதா என்று கேட்டேன். மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துப் பொழச்ச புள்ளத்தா. குடுத்ததுக்கு மொதல்ல கும்பிடுவோம். இன்னும் வேணும் இன்னும் வேணும்னு நின்னா, உள்ளதும் போயிருமோன்னு எனக்குப் பயமா இருக்கு."

பெற்றவளின் பயத்தோடு எப்படிச் சண்டை போடுவது? சரி என்றேன். ஆனால் அந்தப் பெண்ணை மறுபடி வரச்சொல்லிப் போன் செய்தேன். அதற்கு அத்தை மறுக்கவில்லை.

கார்த்திகையன்று குன்றக்குடி மலைப்படிகளை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினார். சன்னதியில் நல்ல கூட்டம். குருக்கள் தட்டை நீட்டினார். "போடுத்தா" என்றார் அத்தை. மஞ்சள் துணியிலிருந்து நாக்கை எடுத்தேன். நகத்தளவுகூட இல்லாத அந்தத் தகடு உள்ளங்கையில் சுட்டது. முருகன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது அவர் கை என் கைமேல் விழுந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தகட்டை உள்ளே வைத்து மூடினார். முடங்கித் தேறிய வலது கைதான். பிடியை விடவில்லை.

"ஏன்ப்பா?" என்றார் அத்தை.

அவர் தன் வாயைத் தொட்டுக்காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

குருக்கள் அடுத்த ஆளிடம் தட்டைக் கொண்டுபோனார். அத்தை முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு சன்னதிப் பக்கம் திரும்பி, கடையில் கடனுக்குத் தவணை கேட்கும் ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"சரி முருகா. ஒனக்கு இன்னுங் கொஞ்ச நாள் தாரோம்."

படியிறங்கும்போது நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஏக்கம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேன். அவருக்கும் என்னோடு பேசவேண்டும் என்று இருந்திருக்கிறது. அது தெரிந்ததே போதும் என்று பெரிய மனதோடு சொல்ல எனக்கு வரவில்லை. போதாது. அவர் பேசவேண்டும்.