புள்ளிக்கு அப்புறம் ஒன்பது தண்ணீர்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் சோதனைச்சாலையில் நான் உதவியாளனாக இருந்த காலத்தில், சென்னையிலிருந்து பட்டம் பெற்ற சூப்பரிண்டெண்ட் ஒருவர் வந்து சேர்ந்தார். வந்த வாரமே, தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் கரும்பலகை மாட்டி, சோடியம் சல்பைடு தண்ணீரில் கரையும் சமன்பாட்டை எழுதினார். இரண்டு பக்கத்து அணுக்களையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். குழியில் நின்றவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

அதுவரை மேஸ்திரி அந்த மருந்தைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுவார். தோலிலிருந்து முடி உதிரும். இனிச் சமன்பாட்டின்படி எடை போட வேண்டும் என்று உத்தரவு. போட்டோம். நான்கு நாள் ஊறியும் ஒரு முடி அசையவில்லை.

"மருந்தை எங்கய்யா கொண்டுபோய் வித்தே?" என்று மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார் சூப்பரிண்டெண்ட்.

"அதை வாங்கி எவன் சார் இன்னா பண்ணுவான்? தொட்டாலே கை வெந்துடும். மருந்து கம்மி சார்."

"சனிக்கிழமையோட நின்னுக்கோ."

எடைச் சீட்டு எழுதியவன் நான். திருட்டு இல்லை என்று தெரியும். மருந்து வந்த டிரம்மின் லேபிளில் வாய்பாடு அச்சாகியிருந்தது: சோடியம் சல்பைடு, ஒரு புள்ளி, அப்புறம் ஒன்பது தண்ணீர். படிகத்துக்குள்ளேயே அடங்கிய தண்ணீர். மொத்தம் முப்பது அணு. பட்டதாரி புள்ளியோடு நின்று மூன்றை எண்ணி, இருபத்தேழை விட்டிருந்தார். எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் இதற்குப் பிரம்படி கிடைக்கும். இவருக்கு நாற்காலி கிடைத்திருந்தது.

முதலாளி சாயபு முன்னால் காய்ந்த படிகங்களை இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். உருகிக் கொதித்து ஆவி விட்டது. அழுகின முட்டை நாற்றம் வேறு.

"இன்னாப்பா இது, தண்ணியே ஊத்தலியே, எங்கேர்ந்து வந்துச்சு?"

"உள்ளேயே இருந்தது சாயபு. அதையும் மருந்துன்னு எடை போட்டுட்டோம்."

மேஸ்திரி சூப்பரிண்டெண்டைத் திரும்பிப் பார்த்தார். "திருடன் ஆப்புட்டுட்டான் சார்."

சனிக்கிழமை உத்தரவு ரத்தாயிற்று. மேஸ்திரி மும்மடங்கு போட்டார், முடி உதிர்ந்தது.

சூப்பரிண்டெண்ட் மட்டும் அசையவில்லை. சரக்கில் தண்ணீர் கலந்து மோசடி செய்ததாக மருந்து ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். "வேண்டாம் சார்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எழுதும்" என்றார். எழுதினேன். பதிலாக அதே டிரம் லேபிள் ஒன்று மட்டும் வந்தது. புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். தபாலை முதலாளியிடம் கொடுப்பது என் வேலை. அன்று மேஸ்திரி, தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக, அதை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.