கெப்பாசிட்டரின் இரண்டாவது தோல்

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில், சபீஹாவும் எட்மண்டும் கூட்டாக ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். தேயிலை ஃபேக்டரிகளில் தூளைத் தரம் பிரிக்கும் மெஷின்களின் பவர் போர்டுகள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. பழுது பார்ப்பது சபீஹா. கோயமுத்தூர் போய்ச் சாமான் வாங்கி வருவது எட்மண்ட். ஒன்பது வருஷமாக அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அவள் மகள் மஜீதா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவர் அவர்.

போன ஜூன் மாதம், அவள் சரிசெய்து அனுப்பிய போர்டு ஒன்று திரும்பி வந்தது. அதில் அவள் மாற்றிய, கரண்டைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது.

"ஏனுங்ணா, புதுசு போட்டு மூணு மாசங்கூட ஆகலியே?"

"மலைக் கரண்டு, அம்மிணி. ஏறி ஏறி எறங்குனா அதென்ன பண்ணும்?"

அவள் நம்பினாள்.

ஆகஸ்டில் கீழ் கோத்தகிரி ஃபேக்டரியின் போர்டு ஒன்றை முடித்துவிட்டு, "சுவிட்ச் போடறேனுங்ணா" என்றாள்.

"போடு. நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்." எட்மண்ட் படியிறங்கினார்.

சுவிட்சைப் போட்டுவிட்டு மீட்டரை வைக்கக் குனிந்தாள். வெடிச்சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. கெப்பாசிட்டருக்குள் கொதித்துக்கொண்டிருந்த திரவம் இடது கண்ணில் அடித்திருந்தது. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்கு வந்தபோது, வெடித்த துண்டு மேஜைக்கடியிலேயே கிடந்தது. கிழிந்திருந்த நீல பிளாஸ்டிக் தோலில் 450 வோல்ட் என்று அச்சு. அதற்கடியில் கறுப்பாய் இன்னொரு தோல், அதில் 350. அது தாங்குவது அவ்வளவுதான். டப்பாவிலிருந்த மற்றவற்றையும் பிளேடால் கீறினாள். எல்லாமே பழையதற்குப் புதுத் தோல் மாட்டியவை.

அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக, அவள் சுவிட்ச் போடும்போதெல்லாம் டீ, போன், வண்டி என்று ஏதோ ஒரு காரணம். ஒரு தடவைகூட அவர் அறைக்குள் இருந்ததில்லை.

"தெரிஞ்சுதான் எறங்கிப் போனீங்களா?"

எட்மண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லாரும் இதத்தான் போடறாங்க. நீயும் ஒரு கண்ணாடி போட்டிருக்கலாமில்ல, அம்மிணி."

சபீஹா தன் கருவிகளை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அந்தச் சாமான் போட்ட போர்டுகள் இன்னும் பதினோரு ஃபேக்டரிகளில் ஓடிக்கொண்டிருந்தன. யார் முகத்திலாவது வெடித்தால்? பஸ் ஏறி ஒவ்வொன்றாகப் போனாள். சோலூர்ப் பக்கத்து ஃபேக்டரியில் மெஷின் பார்க்கும் பழனியாண்டி வாசலிலேயே மறித்தார்.

"நீங்க பிளஸ் மைனஸ் மாத்திப் பத்த வெச்சதாலதான் வெடிச்சுதுன்னு எட்மண்ட் அண்ணன் சொன்னாருங்களே?"

அவர் கண்முன்னாலேயே கெப்பாசிட்டரைக் கழற்றி, தோலைக் கீறிக் காட்டினாள். பழனியாண்டி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, உட்கார ஸ்டூல் இழுத்துப் போட்டார்.

பதினொன்றையும் மாற்றி முடிக்க நான்கு மாதமாயிற்று. இப்போது வீட்டிலேயே வேலை செய்கிறாள். சாமானும் அவளே போய் வாங்குகிறாள். மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால், "நல்லாருக்கியா அம்மிணி?" என்று எட்மண்ட்தான் முதலில் கேட்கிறார். பழக்க தோஷத்தில் அண்ணா என்ற சொல் அவள் வாய்வரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிக்கொண்டு நடக்கிறாள்.