மனப்பாடம் செய்த கற்பனை

மொன்ட்ரியால் நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் இசைப் பட்டறை நடத்தினேன். அறையை யாரிடம் கேட்பது, சாவியை எப்போது திருப்பிக் கொடுப்பது, பக்கத்து அறை யோகா வகுப்பு முறையிட்டால் எந்த விதியைக் காட்டுவது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வயலினும் ஓரளவு வாசிப்பேன். நிலையத்தினர் என்னைத் தேர்ந்தெடுத்தது வயலினுக்காக அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

என்னோடு சேர்ந்து கற்பித்தவர் ஒரு ஹெயிட்டிக்காரர். மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு மேளங்களோடு பஸ்ஸில் வருவார். ஒவ்வொரு வாரமும் ஒரு நாட்டு முறையை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஊரில் ஒருவர் ஓர் அடி பாட, கூட்டம் பதில் பாடும். அரபு வாத்தியக்காரர் ஒரு மெட்டுக்குள் அவசரமில்லாமல் உலாவித் திரும்புவார். நம்மிடம் கற்பனைச் சுரம் இருக்கிறது: ராகத்தை விட்டு விலகாமல், அந்த நேரத்தில் மனதில் தோன்றும் சுரங்களைப் பாடுவது. எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காதீர்கள் என்பதே எங்கள் பாடம். வேலைக்காலம் முழுவதும் பிறருக்காக எல்லாவற்றையும் முன்கூட்டித் தீர்மானித்த ஒருவன் இதைச் சொல்வது மேளக்காரருக்கு வேடிக்கையாக இருந்தது.

வந்தவர்களில் ஒருவர் லாசாலில் குடியிருந்த மன்னார்ப் பெண். வயது நாற்பதுக்கு மேல். அவர் தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடவிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சிறு குழந்தைகளோடு பாடுவதற்கு ஆள் தேடினார்கள். சான்றிதழ் வேண்டாம், பிள்ளைகள் என்ன செய்தாலும் அதிலிருந்தே ஒரு பாட்டை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்றார்கள். அந்த வேலையைப் பிடிக்கத்தான் அவர் எங்களிடம் வந்தார்.

முதல் சனிக்கிழமை அவர் பாடிய கற்பனைச் சுரத்தில் எல்லோரும் வாய் பிளந்தார்கள். அடுத்த சனிக்கிழமை பாதியில் மேளக்காரர் கையை நிறுத்தினார்.

“மதாம், இது போன வாரம் பாடியதுதானே?”

பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தேன்.

“ஓம், போன கிழமை ஒரு இடத்திலை தடக்கினனான். இண்டைக்கு ஒரு பிழையுமில்லை, என்ன அண்ணை?”

ஊரில் சங்கீதப் பரீட்சைக்குக் கற்பனையையும் மனப்பாடம் செய்துதான் போவோம் என்று மேளக்காரருக்கு விளக்கினேன். ஆசிரியர் கற்பனை செய்வார், மாணவர் பாடமாக்குவார், பரீட்சகர் முதன்முறை கேட்பதுபோலத் தலையாட்டுவார். நானும் அப்படித் தேறியவன்தான்.

“உங்கள் ஊரில் கற்பனைக்கும் அனுமதி எடுக்க வேண்டுமா?”

“முன்கூட்டியே,” என்றேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் பாடிக்கொண்டிருக்கும்போதே மேளக்காரர் தாளத்தை மாற்றினார். பாட்டு நின்றது.

“அண்ணை, பிழையா அடிக்கிறார், ஒருக்காச் சொல்லுங்கோ.”

“வேணுமெண்டுதான் அடிக்கிறார், தங்கச்சி.”

“அப்ப அது பெரிய பிழையெல்லோ.”

பழக்கதோஷத்தில் ஒரு நடைமுறை வகுத்துக் கொடுத்தேன்: கேள், ஒரு துண்டைப் பிடி, மாற்று, திருப்பிக் கொடு. அதையும் அழகாக மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

கார்டெரியின் பரீட்சை நெருங்கியது. கடைசிச் சனிக்கிழமை, தேநீர் இடைவேளையில், எல்லாரும் தன்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னவர், கூடவே ஒரு திருவிழாக் கதையையும் சொன்னார். அவருடைய கோயில் பங்கில், சுருவம் என்கிற மாதா சிலையைத் தூக்கிச் செல்லும் ஊர்வலத்துக்கு அவர்தான் பாட்டெடுப்பவர்.

“நடுவழியிலை மழை. தூக்கினவை நிண்டிட்டினம். பாட்டு முடிஞ்சுது, சனம் என்னைப் பாக்குது.”

“என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்யிறது, பாட்டை இழுத்தனான். மழையையும் போட்டு, குடையையும் போட்டு மாதாவிட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடினன். சனமும் பின்னாலை பாடிச்சுது, கோயில் வாசல்மட்டும்.”

“அதைப் பாடமாக்கினனீங்களே?”

“மழை வருமெண்டு ஆருக்கண்ணை தெரியும்?”

மொழிபெயர்த்து முடிக்குமுன் மேளக்காரர் கோப்பையை வைத்துவிட்டார். ஊர்வலம் நடக்கும் வேகத்தில் மெதுவாக அடித்தார். அந்தப் பெண் திருவிழாப் பாட்டைத் தொடங்கினார். பாட்டு முடியப்போகும் இடத்தில், “சுருவம் நின்றுவிட்டது, மதாம்,” என்றார் மேளக்காரர், அடிப்பதை விடாமல். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். சற்று நேரத்தில் ஆறிப்போன தேநீரும், பிந்தி வரும் பஸ்ஸும், அண்ணையின் நடைமுறையும் பாட்டுக்குள் ஒவ்வொன்றாக வந்தன. பட்டறை முழுவதும் பதில் பாடியது. எங்கள் இருவரைத் தவிர தமிழ் ஒருவருக்கும் தெரியாது.

பரீட்சை அன்று அவரைக் காரில் கூட்டிப்போனேன். குட்டிக் குட்டிப் பனிச் சப்பாத்துகள் வரிசையாக நின்ற நடையில், முழங்கால் நாடியைத் தொடும் ஒரு சிறுபிள்ளைக் கதிரையில் உட்கார்ந்தேன். கதவுக்கு அப்பால் அவர் ஆயத்தம் செய்த பிரெஞ்சுப் பாட்டு கேட்டது. மனப்பாடந்தான். யாரோ ஒரு பிள்ளை எதையோ எடுத்து ஹீட்டரில் அடிக்கத் தொடங்கியது. பாட்டு நின்றது. அடி நிற்கவில்லை. எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

பிறகு அந்த அடியின் மேலேயே அவருடைய குரல் ஏறியது. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். பிள்ளைகள் பதில் பாடினார்கள். கதவு திறந்து ஓர் ஊர்வலமே வெளியே வந்தது. முன்னால் அவர், பின்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி பிள்ளைகள், கடைசியில் பொறுப்பாளர் அம்மையார். என்னைச் சுற்றிக்கொண்டு திரும்பி உள்ளே போனது.

நான் காரடியில் நிற்க, அரைவாசி போட்ட கோட்டோடு அவர் வெளியே வந்தார்.

“வேலையைத் தந்திட்டினம், அண்ணை.”

“பிறகென்ன, முகம் ஏன் இப்பிடி?”

“வெள்ளிக்கிழமை தாய் தேப்பன்மார் வருவினமாம். இண்டைக்குப் பாடினதை அப்பிடியே பாடட்டாம். என்னத்தைப் பாடினனான் எண்டு ஆருக்கு ஞாபகம்? நீங்கள் வெளியிலை இருந்து கேட்டனீங்கள்தானே, முதலடி என்ன?”

எனக்கும் நினைவில்லை. காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டத் தொடங்கினேன்.